சாசனத்தைக் காத்த முதியவர்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த பாடம் ஒன்று உண்டு. 1215ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில், இங்கிலாந்தின் ஜான் மன்னன் மாக்னா கார்ட்டா என்னும் மகாசாசனத்துக்கு இசைந்தான். பாடம் அதோடு முடிந்துவிடும். அடுத்து என்ன நடந்தது என்று கேட்டவர்கள் குறைவு. நடந்தது இதுதான்: பத்தே வாரத்தில் அந்தச் சாசனம் செத்துப்போயிற்று. ஆகஸ்ட் 24ஆம் நாள் போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லவே செல்லாது என்று அறிவித்தார். மன்னன் அதை மதிக்கவில்லை. பிரபுக்களும் தாங்கள் சொன்ன சொல்லைக் காக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதும் உள்நாட்டுப் போர்.

செத்த சாசனம் எப்படி உயிர் பெற்றது? எட்டு நூற்றாண்டாக உலகம் பேசும் அளவுக்கு அதை எழுப்பி உட்கார வைத்தவர் யார்? எழுபது வயதை எட்டிய ஒரு போர்வீரர், வில்லியம் மார்ஷல். நம் பாடப் புத்தகங்களில் அவர் பெயர் இல்லை. இன்று மாலை அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் பிறந்தது ஏறத்தாழ 1147இல். அப்போது இங்கிலாந்தில் ஸ்டீபன் மன்னனுக்கும் மெட்டில்டா பேரரசிக்கும் அரியணைப் போர் நடந்துகொண்டிருந்தது. வில்லியமின் தந்தை ஜான் அரண்மனையில் 'மார்ஷல்' பதவி வகித்தவர். அரசனின் குதிரைகளையும் படை ஒழுங்கையும் கவனிக்கும் பரம்பரைப் பதவி அது. அதுவே குடும்பப் பெயராகவும் ஆயிற்று. ஜான் கல்நெஞ்சக்காரர். மெட்டில்டாவின் பக்கம் நின்று போரிட்டபோது, எரிந்துகொண்டிருந்த தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்து, உருகி விழுந்த ஈயத்தில் ஒரு கண்ணை இழந்தவர். சரணடையச் சொன்ன கூட்டாளியைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி உள்ளேயே நின்றவர்.

1152இல் ஸ்டீபன் மன்னன் அவருடைய நியூபெரி கோட்டையை முற்றுகையிட்டான். ஜான் அவகாசம் கேட்டார். அதற்குப் பிணையாகத் தம் இளைய மகன்களில் ஒருவனைக் கொடுத்தார். அந்தப் பிள்ளைதான் நம் வில்லியம். வயது ஐந்து இருக்கும். கிடைத்த அவகாசத்தில் ஜான் கோட்டையைக் காலி செய்யவில்லை. ஆளும் உணவும் சேர்த்துக்கொண்டார். பிள்ளையைத் தூக்கிலிடுவேன் என்று மன்னன் சொல்லி அனுப்பினான். தகப்பனிடமிருந்து வந்த பதிலை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்து வார்க்கத் தம்மிடம் சம்மட்டியும் பட்டறைக் கல்லும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார் அவர்.

பிள்ளையைத் தூக்குமரத்துக்கு அழைத்துப் போனார்கள். எங்கே போகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. வழியில் ஒரு பிரபுவின் கையில் இருந்த ஈட்டி பளபளத்தது. அதைத் தனக்குத் தரும்படி கேட்டான். ஸ்டீபனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தன் கையில் தூக்கிக்கொண்டு பாசறைக்குத் திரும்பிவிட்டான். பிறகும் அவனைக் கல்லெறி பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசலாம் என்று படைத்தலைவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். மன்னன் இடம் கொடுக்கவில்லை. ஒருநாள் கூடாரத்தில் மன்னனும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடினார்கள். தரையில் கிடந்த செடித் தண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, ஒன்றையொன்று மோதி யாருடைய தண்டின் தலை முதலில் முறிகிறது என்று பார்க்கும் விளையாட்டு. பிள்ளை ஜெயித்தான்.

ஸ்டீபனைத் திறமையற்ற மன்னன் என்றுதான் வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் அவனுடைய அந்த ஒரு கணத்து இரக்கம் இல்லாவிட்டால் நான் இன்று பேசுகிற கதையே இல்லை. தகப்பன் கைவிட்ட பிள்ளையை எதிரி அரசன் காப்பாற்றினான். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தகப்பனை இழந்த ஒரு சின்னப் பிள்ளை மன்னன் வில்லியமின் கைக்கு வந்து சேர்ந்தபோது, அவர் நடந்துகொண்ட விதத்துக்கு நியூபெரியில் ஒரு வேர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இளைய மகனுக்கு நிலம் கிடையாது. பிழைக்க வழி தேட வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நார்மண்டிக்குப் போய், தான்கார்வில் பிரபுவின் வீட்டில் போர்ப் பயிற்சி பெற்றார். இருபது வயதையொட்டி நைட் பட்டம் கிடைத்தது. முதல் போரில் பிரமாதமாகச் சண்டையிட்டார்; ஆனால் சொந்தக் குதிரையைப் பறிகொடுத்தார்; எதிரியின் பொருள் ஒன்றையும் எடுத்து வரவில்லை. இரவு விருந்தில் எஸெக்ஸ் பிரபு, தமக்குப் பரிசாக ஒரு குதிரைச் சேணப்பட்டை தரும்படி அவரிடம் கேட்டார். தம்மிடம் ஒன்றும் இல்லையே என்றார் வில்லியம். இன்று உன் கைக்கு நாற்பது அறுபது வந்திருக்குமே என்று பிரபு சொல்ல, பந்தியே சிரித்தது. வீரம் மட்டும் சோறு போடாது என்ற பாடத்தை அன்று கற்றார், அதை ஒருநாளும் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் வட பிரான்சில் டூர்னமென்ட் என்ற போர்ப் போட்டிகள் நடக்கும். சினிமாவில் பார்க்கிற மாதிரி இரண்டு பேர் எதிரெதிரே குதிரையில் வந்து மோதுவதன்று. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயல்வெளி முழுவதும் களம். இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர். எதிராளியைப் பிடித்தால் அவன் குதிரையும் கவசமும் பிடித்தவருக்கு. அவனை விடுவிக்க மீட்புப் பணமும் உண்டு. வில்லியமும் ரோஜர் தெ கோஜி என்ற இன்னொரு வீரரும் லாபத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதென்று கூட்டுச் சேர்ந்தார்கள். பத்து மாதத்துக்குள் 103 நைட்டுகளைப் பிடித்தார்கள். அரண்மனைக் கணக்கர் எழுதி வைத்த கணக்கு அது.

ப்ளூர் என்ற ஊரில் ஒருமுறை போட்டி முடிந்து பரிசு கொடுக்க அவரைத் தேடினார்கள். பரிசு ஒரு பெரிய மீன். ஆளைக் காணோம். கடைசியில் கொல்லுப் பட்டறையில் கண்டுபிடித்தார்கள். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழற்ற முடியாமல் இறுகிப்போயிருந்தது. பட்டறைக் கல்லின்மேல் தலையை வைத்து அவர் மண்டியிட்டிருக்க, கொல்லர் சுத்தியலும் இடுக்கியும் கொண்டு அதை நெம்பிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலேயே பரிசு அறிவிக்கப்பட்டது.

இதற்கு முன்பே அரண்மனைத் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. 1168இல், அப்போதைய மன்னன் இரண்டாம் ஹென்றியின் மனைவி எலியனோர் அரசிக்குக் காவலாகச் சென்ற வில்லியமின் தாய்மாமன் சாலிஸ்பரி பிரபு, முதுகில் குத்துப்பட்டு இறந்தார். மாமனுக்காகத் தனியாக நின்று போரிட்ட வில்லியம் தொடையில் காயத்தோடு பிடிபட்டார். அரசி அவரைப் பணம் கொடுத்து மீட்டார். 1170இல், இரண்டாம் ஹென்றி தன் மூத்த மகனுக்குத் தான் உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டியபோது, அந்த 'இளைய அரச'னுக்குப் போர்ப்பயிற்சி தரும் பொறுப்பு வில்லியமுக்கு வந்தது. பட்டம் உண்டு, நாடு இல்லை என்ற நிலையில் இருந்த அந்த இளைஞன் தகப்பனுக்கு எதிராக இரண்டு முறை கலகம் செய்தான். 1183 ஜூனில் மார்த்தெல் என்ற ஊரில் சீதபேதியில் செத்துப்போனான். சிலுவைப் பயணம் போவதாகத் தான் செய்த நேர்த்தியைத் தன் சார்பில் நிறைவேற்றும்படி சாகும்போது வில்லியமிடம் கேட்டுக்கொண்டான். வில்லியம் ஜெருசலேம் போய் அதை நிறைவேற்றினார். திரும்பி வரும்போது தம் சவத்தின்மேல் போர்த்துவதற்கென்று பட்டுத் துணி வாங்கி வந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இனி 1189. இரண்டாம் ஹென்றி நோயாளி. இன்னொரு மகன் ரிச்சர்ட் பிரெஞ்சு மன்னன் பிலிப்போடு சேர்ந்து தகப்பனை விரட்டுகிறான். லெ மான் நகரம் தீப்பற்றி எரிகிறது. ஹென்றி தப்பி ஓட, பின்னால் வில்லியம் காவல். ரிச்சர்ட் அவசரத்தில் கவசம்கூட அணியாமல் துரத்தி வந்தான். வில்லியம் குதிரையைத் திருப்பி, ஈட்டியை நீட்டி நேராக அவன்மேல் பாய்ந்தார். தான் நிராயுதபாணி என்று ரிச்சர்ட் கத்தினான். கடைசி நொடியில் ஈட்டி சற்றே தாழ்ந்தது. குதிரையின் உடலில் இறங்கியது. நாளைய மன்னன் தரையில் விழுந்தான். துரத்தல் நின்றது.

மூன்று வாரம் கழித்து, ஜூலை 6ஆம் நாள், ஷினோன் கோட்டையில் ஹென்றி இறந்தார். துரோகிகள் பட்டியலில் முதல் பெயர் தன் செல்ல மகன், பின்னாளில் மன்னனான ஜான் என்று தெரிந்த பிறகு வாழ அவருக்கு விருப்பமில்லை. வேலைக்காரர்கள் சவத்தின் உடைகளைக்கூட உருவிக்கொண்டு ஓடினார்கள். ஐரோப்பாவின் பாதியை நடுங்க வைத்த மன்னரின் உடலை மூட ஒருவர் தம் மேலங்கியைக் கழற்றிப் போட வேண்டியதாயிற்று. வில்லியம் கடைசி வரை உடன் இருந்து, சவத்தை ஃபொன்தெவ்ரோ மடத்துக்குக் கொண்டு சேர்த்தார்.

அங்கே ரிச்சர்ட் வந்தான். எல்லோரும் வில்லியமுக்காகப் பயந்தார்கள். அன்று என்னைக் கொல்லப் பார்த்தாய், உன் ஈட்டியை நான் தட்டிவிட்டேன், இல்லாவிட்டால் செத்திருப்பேன் என்றான் ரிச்சர்ட். தலையை வணங்கி ஆமாம் போட்டிருந்தால் அது பிழைக்கத் தெரிந்தவரின் வழி. வில்லியம் அப்படிச் செய்யவில்லை. நினைத்திருந்தால் குதிரையில் இறக்கியதை உங்கள் உடம்பில் இறக்கியிருப்பேன் என்று தெளிவாகச் சொன்னார். ரிச்சர்ட் மன்னித்தான். மன்னித்ததோடு, தகப்பன் வாக்குக் கொடுத்திருந்த மணப்பெண்ணையும் கொடுத்தான். அந்தப் பெண் இசபெல் தெ கிளேர். அயர்லாந்தின் லென்ஸ்டர் மன்னரின் பேத்தி. வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ, அயர்லாந்தில் லென்ஸ்டர், நார்மண்டியில் லோங்வில் என்று நிலங்களைக் கொண்டுவந்தவர். நாற்பதைத் தாண்டிய, பெரிதாக நிலம் இல்லாத வீரர் ஒரே நாளில் நாட்டின் பெரும் பிரபுக்களில் ஒருவரானார். இசபெல்லுக்கு வயது பதினேழு இருக்கும். அவருடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை; அந்தக் காலத்தில் வாரிசுப் பெண்கள் அரசனின் கையில் இருந்த சொத்து. இருந்தும் இந்த இருவரின் இல்வாழ்க்கை முப்பது ஆண்டு உறுதியாக நின்றது. பத்துப் பிள்ளைகள். கணவர் இல்லாத காலத்தில் கோட்டையைக் காத்தவர் இசபெல்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு நுணுக்கமான செய்திகள் எப்படிக் கிடைத்தன? வில்லியம் இறந்த சில ஆண்டுகளில், அவருடைய மூத்த மகன் ஒரு கவிஞரை அமர்த்தித் தகப்பனார் வரலாற்றைப் பிரெஞ்சில் பாட வைத்தார். பத்தொன்பதாயிரம் அடிகளுக்கு மேல் நீளும் காவியம். பல நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1861இல் லண்டன் ஏலம் ஒன்றில் பால் மேயர் என்ற இளம் பிரெஞ்சு அறிஞர் அதைக் கண்டார். பெரும்பணம் படைத்த ஒரு சேகரிப்பாளர் அதை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். மேயர் விடவில்லை. இருபது ஆண்டு காத்திருந்து தேடி, 1881இல் மறுபடி கண்டுபிடித்து, பதிப்பித்து வெளியிட்டார். ஒரு மனிதரின் வாழ்க்கையை மீட்க இன்னொரு மனிதர் தம் வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பதிப்பாசிரியரையும் இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். மகன் பணம் கொடுத்து எழுதுவித்த காவியம் என்பதால் அதில் புகழ்ச்சி மிகுதி. மார்ஷலுக்குச் சங்கடமான இடங்களை அது வேகமாகத் தாண்டிப் போகும். ஆகவே அரசாங்க ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும்.

அப்படிச் சங்கடமான காலம் ஜான் மன்னனின் காலம். 1199 ஏப்ரலில் ரிச்சர்ட் அம்பு பட்டு இறந்ததும் பட்டத்துக்கு இரண்டு பேர்: தம்பி ஜான், இன்னொரு தம்பியின் மகன் ஆர்தர். கான்டர்பரி பேராயர் ஆர்தர் பக்கம் சாய்ந்தார். வில்லியம் ஜானைத் தேர்ந்தார். இந்த முடிவுக்கு வருந்துவது போல் வேறெதற்கும் நீர் வருந்தப் போவதில்லை என்று பேராயர் எச்சரித்தார். ஜான் முடிசூடிய நாளில் வில்லியமுக்குப் பெம்புரோக் பிரபுப் பட்டம் கிடைத்தது. எச்சரிக்கை பலிக்க அதிக காலம் ஆகவில்லை.

1204இல் ஜான் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னனிடம் பறிகொடுத்தான். அங்கே நிலம் வைத்திருந்த ஆங்கிலப் பிரபுக்கள் பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாவிட்டால் நிலம் போய்விடும். பெரும்பாலோர் இழந்தார்கள். வில்லியம் தம் நிலத்தைக் காக்கப் பிலிப்பிடம் பிரமாணம் செய்தார். ஜானின் அனுமதியோடுதான் செய்ததாக அவர் சொன்னார். அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டார் என்றான் ஜான். இந்த இடத்தில் எனக்கு வில்லியம்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. சேணப்பட்டைப் பாடம் கற்ற மனிதர் அல்லவா? நிலத்தை விட அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு மன்னர்களுக்கு நடுவே நிற்க முடியும் என்று நினைத்தார். பிலிப்மேல் படையெடுக்க ஜான் அழைத்தபோது போக முடியாமல் திணறினார். துரோகி என்று மன்னன் சபையில் குற்றம்சாட்டினான். யாராவது அதை நிரூபிக்க என்னோடு வாட்போருக்கு வரட்டும் என்றார் வில்லியம். அறுபதை நெருங்கும் அந்த மனிதரை எதிர்க்க ஒருவரும் முன்வரவில்லை. இன்று எனக்குச் செய்வதை நாளை உங்கள் எல்லோருக்கும் செய்வான் என்று சக பிரபுக்களைப் பார்த்துச் சொன்னார். பத்தாண்டுக்குள் அது நடந்தது.

ஜான் வில்லியமின் மூத்த மகனைப் பிணையாகப் பிடித்து வைத்தான். பிறகு இரண்டாவது மகனையும் கேட்டான். இசபெல் வேண்டாம் என்று மன்றாடினார். வில்லியம் கொடுத்தார். தாமே ஒருகாலத்தில் பிணைப் பிள்ளையாகத் தூக்குமரத்தடி வரை போய் வந்தவர், அரசன் கேட்டதும் தம் பிள்ளைகளைக் கொடுத்தார். காவியம் இதை விசுவாசம் என்கிறது. அவருக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை.

1208 ஜனவரியில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். வில்லியம் மன்னனின் கண்காணிப்பில் இங்கிலாந்தில் இருக்கிறார். கருவுற்றிருந்த இசபெல் அயர்லாந்தில் கில்கென்னியில். அங்கே ஜானின் அதிகாரி வில்லியமின் நிலங்களைத் தாக்கிக்கொண்டிருக்கிறான். குளிர்காலப் புயலில் கடல் மூடிக்கிடக்கிறது. ஒரு கப்பலும் வரவில்லை. கில்ஃபோர்ட் ஊருக்கு வெளியே குதிரையில் போகும்போது ஜான் அவர் பக்கத்தில் வந்து, அயர்லாந்துச் செய்தி ஏதும் உண்டா என்று கேட்டான். இல்லை என்றார். தனக்கு வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்: உன் நெருங்கிய வீரர்கள் இன்னின்னார் கொல்லப்பட்டார்கள், உன் ஆருயிர்த் தோழன் ஜான் ஆஃப் எர்லியும் காயத்தில் செத்துப்போனான். அத்தனையும் பொய். கடல் திறந்து கப்பல் வந்தபோதுதான் தெரிந்தது, வென்றது இசபெல்லின் ஆட்கள், பிடிபட்டது மன்னனின் அதிகாரி என்று. அன்று அது தெரியாத நிலையில், வில்லியம் முகம் மாறாமல், அவர்கள் உங்களுக்கும் வீரர்கள்தானே, வருந்த வேண்டியதுதான் என்று மட்டும் பதில் சொன்னார்.

அவருடைய நண்பர் வில்லியம் தெ பிரியோஸின் குடும்பத்தை ஜான் அழித்தான். 1210இல் அந்த நண்பரின் மனைவியும் மூத்த மகனும் மன்னனின் சிறையில் பட்டினி கிடந்து செத்தார்கள். இத்தகைய கொடுமைகளும் பிரபுக்களை ஒன்றுசேர்த்தன. 1215இல் அவர்கள் வாளேந்தியபோது வில்லியமும் சேர்ந்திருக்கலாம்; அவரைவிடப் பாதிக்கப்பட்டவர் அங்கே பலர் இல்லை. அவர் சேரவில்லை. மன்னனுக்கும் பிரபுக்களுக்கும் நடுவே தூது நடந்தார். மகாசாசனத்தின் முன்னுரையில் மன்னனுக்கு ஆலோசனை சொன்ன பிரபுக்கள் வரிசையில் முதல் பெயர் அவருடையது. சாசனத்தைக் கண்காணிக்க எதிரணி நியமித்த 25 பேரில் அவருடைய மூத்த மகன் ஒருவர். தகப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். யார் வென்றாலும் குடும்பம் தப்பும் என்ற கணக்கா என்று ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு அவர் எடுத்த முடிவில் அப்படி எந்தக் கணக்கும் செல்லாது.

1216 மே மாதம் பிரெஞ்சு இளவரசன் லூயி படையோடு கரையிறங்கினான். கலகப் பிரபுக்கள் அவனையே மன்னனாக ஏற்றார்கள். லண்டன் அவன் கையில். அக்டோபர் 18 நள்ளிரவையொட்டி நியூவார்க்கில் ஜான் இறந்தான். மகன் ஹென்றிக்கு வயது ஒன்பது. கஜானா காலி. முடிசூட்டு விழா நடக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போக வழியில்லை. மாம்ஸ்பரிக்கு அருகே சாலையில் வில்லியம் அந்தப் பிள்ளையைச் சந்தித்தார். அந்தச் சிறுவனை ஒருவர் தம் முன்னே குதிரையில் வைத்து ஓட்டி வந்தார். என்னைக் கடவுளிடமும் உங்களிடமும் ஒப்படைக்கிறேன் என்று பிள்ளை சொல்லி அழுதான். முதியவரும் அழுதார். அக்டோபர் 28ஆம் நாள் குளோஸ்டர் தேவாலயத்தில் கிரீடம் இல்லாமல், ஒரு சாதாரணப் பொன் வளையத்தைத் தலையில் வைத்து முடிசூட்டினார்கள்.

அரசப் பிரதிநிதி யார்? வில்லியம் முதலில் மறுத்தார். வயதாகிவிட்டது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார். அன்றிரவு தம் நெருக்கமான மூவரைக் கூட்டிக் கேட்டார். ஜான் ஆஃப் எர்லி, எல்லாம் தோற்று அயர்லாந்துக்கு ஓட நேர்ந்தாலும் இந்தப் பணியில் கிடைப்பது பெருமைதான் என்றார். அந்தச் சொல் அவரைத் தூக்கி நிறுத்தியது. எல்லோரும் கைவிட்டாலும் இந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பிச்சையெடுத்தாவது, தீவுக்குத் தீவு போய்க் காப்பேன் என்று உறுதி சொன்னார். உலகில் அவருக்கு இனி அடைய ஒன்றுமில்லை. இழக்கத்தான் எல்லாம் இருந்தது.

இப்போது கவனியுங்கள். பதவியேற்று இரண்டு வாரத்துக்குள், நவம்பர் 12ஆம் நாள், பிரிஸ்டலில் அவர் செய்த காரியம்: எதிரிகள் எந்தச் சாசனத்துக்காக வாளெடுத்தார்களோ அதே சாசனத்தை மன்னனின் பெயரால் தாமே மறுபடி வெளியிட்டார். சிறுவனுக்குச் சொந்த முத்திரை இல்லை. ஆகவே வில்லியமின் முத்திரையும் போப்பின் தூதர் குவாலாவின் முத்திரையும் பதிக்கப்பட்டன. ஓராண்டுக்கு முன் போப்பே ரத்து செய்த சாசனம் இது! சில பிரிவுகளை நீக்கினார். மன்னன்மேல் 25 பிரபுக்கள் போர் தொடுக்கலாம் என்ற பிரிவு போயிற்று. போரை வளர்த்ததே அதுதான். சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்பிடிக்கவோ சொத்தைப் பறிக்கவோ கூடாது என்ற உயிர்நாடி நின்றது.

இதைப் போர்த்தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. தந்திரம் அதில் இருக்கிறது. எதிரிகள் கையில் இருந்த நியாயத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் தந்திரம் மட்டும் என்றால் வெற்றிக்குப் பிறகு அதைத் தூக்கி எறிந்திருப்பார். அவர் எறியவில்லை.

கலகக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினார்கள். 1217 மார்ச்சில் மகனும் வந்துவிட்டார். மே 20ஆம் நாள் லிங்கன் நகரில் முடிவான போர். நிக்கோலா தெ லா ஹே என்ற வயதான சீமாட்டி, கோட்டையைப் பல வாரம் விடாமல் காத்துக்கொண்டிருந்தார். வில்லியமிடம் இருந்தது 406 நைட்டுகளும் 317 குறுக்குவில் வீரர்களும் என்கிறது காவியம். பாயும் ஆவேசத்தில் எழுபது வயதுக்காரர் தலைக்கவசத்தை மறந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பணியாள் நினைவூட்டி மாட்டிவிட வேண்டியிருந்தது. குறுகிய தெருக்களில் புகுந்து அடித்தார்கள். பிரெஞ்சுத் தளபதி பெர்ஷ் பிரபு, வில்லியமுக்கு உறவுக்காரர், தலைக்கவசத்தின் கண் இடுக்கில் ஈட்டி பாய்ந்து செத்தார். வெற்றி முழுமையானது. அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: அரச படை நகரைச் சூறையாடியது. பயந்து படகில் ஏறிய பெண்களும் குழந்தைகளும் பாரம் தாங்காமல் கவிழ்ந்து மூழ்கினார்கள். அந்தக் களங்கத்தில் தலைவருக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்டில் சாண்ட்விச் கடற்போர். எதிரிக் கப்பல்களின்மேல் சுண்ணாம்புத் தூளை வீசிக் கண்ணை மறைத்து வென்றார்கள். லூயிக்கு வந்த உதவி நின்றது. செப்டம்பரில் சமாதானம். லூயிக்குப் பத்தாயிரம் மார்க் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் வில்லியம். கலகக்காரர்களுக்கு நிலம் திருப்பிக் கிடைத்தது. எதிரியைச் சும்மா விட்டுவிட்டார் என்று பின்னாளில் பலர் குறை சொன்னார்கள். பழிவாங்கத் தொடங்கியிருந்தால் அந்தப் போர் இன்னொரு தலைமுறைக்கு நீண்டிருக்கும். இரண்டு தலைமுறைப் பழிவாங்கலைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

நவம்பரில் சாசனம் மீண்டும் வெளியானது. அதோடு காடுகளில் குடிமக்களுக்கு உரிய உரிமைகளைச் சொல்லும் தனிச் சாசனமும் வந்தது. அந்தச் சின்னச் சாசனத்திலிருந்து பிரித்துச் சொல்லத்தான் பெரியதற்கு மாக்னா கார்ட்டா என்ற பெயரே ஏற்பட்டது. 1225இல் ஹென்றி வளர்ந்து தன் முத்திரையோடு அதை உறுதி செய்தான். 1297இல் அது சட்டத் தொகுப்பில் ஏறியது. ஜான் இசைந்த வடிவம் அன்று; வில்லியம் திருத்திக் காத்த வடிவத்தின் வழிவந்ததுதான் சட்டமாக நிலைத்தது.

1219 தொடக்கத்தில் அவர் படுத்துவிட்டார். படகில் ஏற்றித் தேம்ஸ் வழியாகத் தம் கேவர்ஷம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். மன்னனை எந்தப் பிரபுவிடமும் ஒப்படைக்காமல் போப்பின் தூதரிடம் ஒப்படைத்தார்; ஒருவரிடம் கொடுத்தால் மற்றவர் பொறாமைப்படுவார்கள் என்று அவருக்குத் தெரியும். போட்டிகளில் பிடித்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று குருமார்கள் சொல்வதாக ஒருவர் நினைவூட்டினார். ஐந்நூறு வீரர்களிடம் எடுத்ததை எப்படித் திருப்புவது, இதற்காகச் சொர்க்கம் மூடப்படுமானால் நான் என்ன செய்ய முடியும் என்றார் அவர். கிடங்கில் எண்பது புதிய மேலங்கிகள் இருந்தன. விற்று ஆன்ம சாந்திக்குச் செலவிடலாம் என்றார் ஒரு குரு. வில்லியமுக்குக் கோபம் வந்தது. பெந்தெகொஸ்தே திருநாள் நெருங்குகிறது, என் வீரர்களுக்கு நான் உடை தரும் கடைசி முறை இது, எல்லாவற்றையும் அவர்களுக்கே கொடுங்கள் என்றார். முப்பதாண்டுக்கு முன் ஒளித்து வைத்த பட்டுத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். மே 14ஆம் நாள் இறந்தார். லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அவருடைய கல் உருவம் இன்றும் படுத்திருக்கிறது. 1941 குண்டுவீச்சில் அது சேதமடைந்தது.

ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பிரபுவானார்கள். 1245க்குள் ஐவரும் வாரிசின்றி இறந்தார்கள். நிலம் ஐந்து மகள்களின் குடும்பங்களுக்குப் பிரிந்து போயிற்று. மார்ஷல் வம்சம் என்று ஒன்று நிலைக்கவில்லை.

இங்கே வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். வகுப்பில் மாக்னா கார்ட்டா பாடம் வரும்போது 1215 என்று கரும்பலகையில் எழுதுவீர்கள். பக்கத்திலேயே 1216, 1217 என்று இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள். ஒரு மன்னன் கழுத்தில் கத்தி இருந்தபோது இசைந்ததும், வெற்றி பெற்ற பக்கம் தானாகவே அதே சட்டத்தை ஏற்றுக்கொண்டதும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்போது வில்லியம் மார்ஷல் என்ற பெயரையும் சொல்லிவிடுங்கள்.